பேட்டரியைக் கொளுத்தியது நீ இல்லை

ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற மகளுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ கேட்பாய். தினமும் போனில் பேசிக்கொள்கிறோம். சனிக்கிழமையானால் கேளம்பாக்கத்திலிருந்து அழுக்குத் துணி மூட்டையோடு செங்கல்பட்டுக்கு வந்து நிற்கிறாய். ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. மூன்று வாரமாக நேரில் சொல்ல முயன்று பார்த்துவிட்டேன். வாயைத் திறந்தால் "சாப்பிட்டியா", "ஆபீஸ் பஸ் நேரத்துக்கு வருதா" என்பதுதான் வருகிறது. காகிதம் என்றால் நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய், நானும் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கோழைத்தனம்தான். இதில் நான் ஒப்புக்கொள்ளப் போகிற கோழைத்தனங்களில் மிகச் சிறியது இது.

மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். மொட்டை மாடியில் நிற்கிற ஆன்டெனாவைக் காட்டி, "நீங்களும் ரேடியோ பேசுவீங்களா?" என்று அந்தப் பையன் உன்னைக் கேட்டான். நீ சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அப்பாவோடது. பேட்டரி, ஒயரு எதையும் என் கையில குடுத்துடாதீங்க. நான் ஒரு ரேடியோ கிளப்பையே கொளுத்தினவ" என்றாய். அவனும் சிரித்தான். உடனே உன் முகம் மாறிவிட்டது. "விளையாட்டுக்குச் சொல்லல. ஒருத்தருக்கு விரல் போச்சு என்னால" என்று தணிந்த குரலில் சொன்னாய். கல்யாணத்துக்கு முன்பு அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாய். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? "மழை வரும்போல இருக்கு, கீழ போயிடலாம்" என்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அந்தப் பேட்டரியைக் கொளுத்தியது நீ இல்லை, மகளே. நான். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். இந்த மூன்று வருடத்தில் தெரியாமல் இருந்த ஒரு நாள்கூட இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடத்தில்தான் நான் பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினேன். கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை, ஸ்டாஃப் பஸ்ஸில் போய் ஸ்டாஃப் பஸ்ஸில் வருகிற வாழ்க்கை. அதில் உலகத்தோடு பேச எனக்குக் கிடைத்த ஒரே ஜன்னல் அந்த ரேடியோ. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிளப் வைத்தோம். இடம் கொடுத்தது தனசேகர். பஜாரில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர், தன் வீட்டு மாடி அறையை எங்களுக்கென்று ஒழித்துக் கொடுத்தார். வருடத்துக்கு ஒருமுறை மாமல்லபுரம் கடற்கரைக்கு எல்லாச் சாமானையும் தூக்கிக்கொண்டு போவோம். சவுக்கு மரத்தில் கம்பியை இழுத்துக் கட்டி, கரண்ட் இல்லாமல் பேட்டரியிலேயே ஒரு பகல் முழுக்க ஊர் ஊராகப் பேச வேண்டும், அதுதான் பழக்கம். முதல் வருடம் கார் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வேட்டி நன்றாகத்தான் இருந்தது. உன் அம்மா அதைத் துவைத்துக் காயப்போட்டபோது சல்லடையாக வந்தது. மூடி சரியாக இல்லாமல் ஆசிட் கசிந்திருக்கிறது. வேட்டிக்குள் தலையை விட்டு ஓட்டைகளை எண்ணி நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வேட்டியோடு எனக்குப் பாதுகாப்புப் பித்து பிடித்தது. சார்ஜ் ஏறும்போது ஜன்னலைத் திற, பக்கத்தில் பீடி பிடிக்காதே, பேட்டரி மேல் ஸ்பேனரை வைக்காதே என்று எல்லோரையும் துளைத்து எடுத்தேன். அறையின் மூலையில் மணல் வாளி வைத்தேன். எனக்கே 'மணல் சார்' என்று பெயர் வந்துவிட்டது. எரிச்சல்படுவதுபோல நடித்தேனே தவிர உள்ளுக்குள் எனக்கு அது பட்டம். சுனாமிக்குப் பிறகு அது இன்னும் முற்றிப்போனது. போன் எல்லாம் செத்துக் கிடந்த அந்த இரண்டு நாள் நம் கிளப் செய்திகளை வாங்கி வாங்கிக் கொடுத்தது. நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை, காணாமல் போனவர்களின் பெயர்களைப் படித்தாய். ஆனால் அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டுப் பேசச் சொன்னது என்னைத்தான். சால்வை போட்டார்கள். தப்பே செய்யாத ஆள் என்று ஊர் நினைத்தது. ஊர் நினைத்ததை நானும் நம்பிவிட்டேன்.

நீ இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய், லைசென்ஸ் உன் பெயரிலேயே வந்திருந்தது. பழைய லேப்டாப் பேட்டரிகளைக் காயலான் கடையில் வாங்கி, பிரித்து, நல்ல செல்களை மட்டும் பொறுக்கி, லித்தியம் பேட்டரி ஒன்று செய்தாய். கார் பேட்டரியில் கால்வாசி கனம்கூட இல்லை. ஒவ்வொரு செல்லையும் ஒரு வாரம் வைத்து அளந்தாய். அளவுக்கு மேல் கரண்ட் போனாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ தானாகத் துண்டித்துவிடுகிற சிறிய போர்டு ஒன்றையும் உள்ளே வைத்தாய். அதற்கென்று தனி சார்ஜரும் செய்து, மேலே சிவப்பு மையில் 'இதில் மட்டும் போடவும்' என்று எழுதினாய். தனசேகர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, டிபன் பாக்ஸ் மாரி கீது. இதுல ஊட்டி வரைக்கும் பேசலாமா?" என்றார். "டெல்லி வரைக்கும் மாமா" என்றாய் நீ. நானும் பரிசோதித்து, சரி என்று தலையாட்டினேன். அது உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. நான் பார்த்த கைவேலைகளில் அதைவிடச் சுத்தமானது கிடையாது. இதை அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரம் கிளம்ப வேன் வந்து வாசலில் நின்றது. நீ முந்தின நாளே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து எடுத்து வைத்திருந்தாய். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பேட்டரியை ரேடியோவில் மாட்டிப் பேசிப் பார்த்தேன். பேசுகிற பட்டனை அழுத்தியதும் ரேடியோ அணைந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அணைந்தது. நீ வைத்த போர்டு அதன் வேலையைச் செய்திருக்கிறது. பவரைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும் என்று உன்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நீ கீழே வேனில் கம்பம் ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் கேட்கவில்லை. கட்டரை எடுத்து அந்தப் போர்டை வெட்டிவிட்டு நேராக ஒயர் கொடுத்தேன். அப்பன் கை வைத்தால் எல்லாம் ஓடும் என்கிற திமிர். ரேடியோ ஓடியது. இவ்வளவு நேரம் சோதித்ததில் கொஞ்சம் இறங்கியிருக்குமே என்று, மேசையில் எப்போதும் ஓடுகிற பவர் சப்ளையின் கிளிப்புகளை அதில் மாட்டினேன். டேப்பைச் சுற்றி வைத்துவிட்டு இட்லி சாப்பிடக் கீழே வந்துவிட்டேன்.

ரேடியோக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எங்கள் ரேடியோக்களுக்கெல்லாம் பதிமூன்று புள்ளி எட்டு வோல்ட். இருபது வருடமாகப் பன்னிரண்டு வோல்ட் என்று பெயர் உள்ள எதையும் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சப்ளையில்தான் மாட்டுவோம், கார் பேட்டரி அதைத் தாங்கும். உன்னுடையது மூன்று செல் வரிசை. ஒரு செல்லுக்கு நான்கு புள்ளி இரண்டுக்கு மேல் ஆகாது என்று நீ எனக்கு வரைந்து காட்டியிருந்தாய். பதிமூன்று புள்ளி எட்டை மூன்றால் வகுத்தால் நான்கு புள்ளி ஆறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. தடுக்க இருந்த போர்டும் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

பிறகு நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீ கேபிள் சுற்ற மேலே போய் அறையின் உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். வாசலை ஒட்டிய மேசையில் பேட்டரி சீறிப் புகைய ஆரம்பித்திருக்கிறது. கயிறு எடுக்க மாடிக்கு வந்த தனசேகர், நீ வெளியே வர வழியில்லாமல் நிற்பதைப் பார்த்து, அந்த நெருப்பை இடது கையால் வாரி எடுத்து மொட்டை மாடியில் வீசினார். கையிலிருக்கும்போதே இரண்டு செல் வெடித்தது. "மாமா" என்று நீ கத்தியது கேட்டுத்தான் நான் இட்லித் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். எல்லோருமாக அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினீர்கள், வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள். நான் மட்டும் பின்தங்கினேன். நெருப்பில் மணல் போட நின்றதாக நீங்கள் நினைத்தீர்கள். மணல் போட்டேன். அதற்கு முன்னால், பாதி கருகித் தொங்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு கிளிப்பையும் சப்ளையிலிருந்து கழற்றினேன். நண்பன் வலியில் அலறுவது படிக்கட்டில் கேட்டுக்கொண்டிருந்தது, நான் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கொளவாய் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, கிளிப்பையும் உன் போர்டையும் தண்ணீரில் எறிந்தேன். எறிந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வராண்டாவில் நீ என் தோளில் சாய்ந்து, "என் சால்டரிங்தாம்பா சரியில்ல" என்று அழுதாய். உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை இன்றைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தப்பு நடந்த சூட்டில் சொல்லிவிட்டால் திட்டு வாங்குவோம், அவ்வளவுதான். ஒரு நாள் தள்ளிவிட்டால் அடுத்த நாள் சொல்ல இரண்டு தப்பு இருக்கும். ஒரு வாரம் போனால் சொல்லவே முடியாது என்று ஆகிவிடும். குடித்தனம் நடத்தப் போகிறவளுக்கு என்னால் சொல்ல முடிந்த புத்திமதி இது ஒன்றுதான், இதையும் நான் கடைப்பிடித்ததில்லை.

கிளப் கூட்டத்தில் என்ன பேசினேன் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். "பழைய செல்லை நம்பினது தப்பு. சால்டர் சூடு உள்ளே இறங்கியிருக்கும். என் மகள் என்பதற்காக நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்" என்றேன். நீ எழுந்து நின்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாய். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பெத்த பொண்ணுன்னுகூடப் பாக்கல சார் நீங்க" என்றார். அதை நான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் போன பள்ளிக்கூடங்களில் எல்லாம், 'ஒரு மாணவி அவசரத்தில் செய்த பேட்டரி' என்று உன் கதையைத்தான் உதாரணமாகச் சொன்னேன். பெயரைச் சொல்லாமல் விட்டதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன். எழுதும்போதே காறித் துப்பத் தோன்றுகிறது.

நீ அதன்பிறகு மைக்கைத் தொடவில்லை. மின்சார வேலைக்கு வந்த இரண்டு ஆர்டரை விட்டுவிட்டு, எரியாத வேலை போதும் என்று சாப்ட்வேருக்குப் போனாய். தனசேகருக்கு மூன்று விரல் மடங்காமல் போனது. போர்டைப் பிடிக்க ஒரு கை இல்லாதவர் நுண்ணிய வேலை எப்படிச் செய்வார்? நீ சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒரு வருடம் சனிக்கிழமை தவறாமல் அவர் கடையில் போய் உட்கார்ந்து சால்டரிங் செய்து கொடுத்தாய். அந்தச் சனிக்கிழமைகளில் நான் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவர் கடைக்குப் போனேன். "இன்னா சார், பத்திரிக வெக்க வந்தியா? பாப்பாக்கு கண்ணாலமாமே, வூட்ல சொன்னாங்கோ" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏரியில் எறிந்தது வரை. அவர் ஒரு டிவியின் முதுகைத் திறந்து வைத்திருந்தார், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"என் கை போனத வுடு" என்றார் கடைசியில். "அது நானா போய் எடுத்தேன். பாப்பா ஒரு வருசம் இந்த ஸ்டூல்ல குந்திகினு எனக்குக் கை வேல செஞ்சிது. ஒரு நாள் பாத்தா, சால்டர் வெச்சிகினே அயுதுகினு கீது. இன்னா பாப்பான்னு கேட்டா, கண்ணுல பொகங்குது. நீ அப்போ எங்க சார் இருந்த?"

டிவியின் முதுகை இழுத்து மூடினார்.

"எல்லார் மின்னாடியும் அது பேர சொன்ன இல்ல? எல்லார் மின்னாடியும் ஒம் பேர சொல்லு. பாப்பாகிட்ட சொல்லு. அப்பால வா, நானு பேசறேன். இப்ப போ. ஒன்னப் பாக்க முடில" என்றார். மன்னிப்புக் கேட்கக்கூட அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கவும் கூடாது.

இந்த வாரம் ஆபீஸ் வேலை என்று நீ வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை கிளப் கூட்டத்தில் சொன்னேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பேட்டரி பாதுகாப்பு பற்றி நான் வகுப்பு எடுக்க வேண்டிய நாள். பலகையில் பதிமூன்று புள்ளி எட்டு என்று எழுதி, மூன்றால் வகுத்து, இதை மாட்டியவன் நான் என்றேன். 'மாணவி' என்று இத்தனை நாள் சொன்னது என் மகளை, அவள் செய்த பேட்டரியில் ஒரு குறையும் இல்லை, அதில் இருந்த காவலை வெட்டி எடுத்தவன் நான், தடயத்தை மறைத்தவனும் நான் என்றேன். அன்றைக்குக் கை குலுக்கியவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சரிதான். ஊர் முழுக்க இந்நேரம் பேசும், பேசட்டும். உன் அம்மாவிடம் அதற்கு முந்தின நாள் சொன்னேன். "புள்ள சோறு எறங்காம கெடந்தப்ப பக்கத்துல உக்காந்து ஊட்டி விட்டீங்களே, அப்பகூடவா வாய் வரல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதோடு சரி. தட்டு வைக்கிறாள், பேச்சு இல்லை.

மாப்பிள்ளைக்கும் தனியாக எழுதி இதோடு தபாலில் சேர்க்கிறேன். நீயே சொல்லிக்கொள்வாய் என்று விட்டுவிட்டால், பாதியை நீ மறைத்து என்னைக் காப்பாற்றுவாய். உன்னை எனக்குத் தெரியும். இன்னொன்று, புது வீட்டில் இன்வெர்ட்டர் வைக்கப் போவதாகச் சொன்னாய். படுக்கையறைப் பக்கம் வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் வை. போனைத் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடாதே. எந்தச் சாமானுக்கு எந்தச் சார்ஜரோ அதைத் தவிர வேறு மாட்டாதே. இதை எல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். யோக்கியதை இல்லை, பயம்தான் இருக்கிறது. இவற்றை நீ எனக்கு முன்பே அறிந்தவள் என்பதும் தெரியும்.

மன்னித்துவிடு என்று இதில் எங்கேயும் நான் எழுதவில்லை, நீ கவனித்திருப்பாய். கல்யாண வீட்டில் அப்படிக் கேட்டால் உனக்கு வேறு வழி இருக்காது. உன் சந்தோஷத்தைப் பிணையாக வைத்து மன்னிப்பு வாங்குவது இன்னொரு களவு. வருடக்கணக்கில் நீ கோபமாக இருக்கலாம். பேசாமல் இருக்கலாம். நான் தாங்கிக்கொள்வேன். நீ தாங்கியதில் பாதி இருக்காது அது.

ஒன்றை மட்டும் நீ முடிவு செய்ய வேண்டும். மணவறையில் உன் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பாவைக் கூப்பிடுவார்கள். எந்தக் கையால் உன் தலையைத் தடவிக் கொடுத்தேனோ அதே கையால். உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் உன் தாய்மாமன் செய்யட்டும், காரணம் கேட்கிறவர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். செய்யலாம் என்று நீ சொன்னாலும், சம்பிரதாயத்துக்காகச் சொல்லாதே. இன்று காலை அச்சகத்திலிருந்து மூன்றாவது முறை போன் செய்தார்கள், பத்திரிகையை இன்னும் ஏன் ஓட்டச் சொல்லவில்லை என்று. பெண்ணின் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம், முகூர்த்தம் எல்லாம் கோத்து வைத்திருக்கிறார்கள். கன்னிகாதானம் செய்து கொடுப்பவர் பெயரை மட்டும் என் மகள் சொல்வாள், அதுவரை அந்த வரி காலியாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.